மாடல் பஸ்ஸுக்கு ஒரே மாதிரிச் சக்கரமும் சீட்டும்: சிலிக்கான் ரப்பர் மோல்டு செய்வதற்கான முழு வழிகாட்டி

நம்ம ஊர்ப் பக்கம் மாடல் செய்கிறவர்களில் நிறையப் பேர் கை வைப்பது பஸ்ஸில்தான். சன்போர்டில் (லேசான நுரைப் பலகை) பாடி வெட்டி, பிளாஸ்டிக் ஷீட்டில் கண்ணாடி வைத்து, மாட்டுத்தாவணி போர்டு வரைக்கும் அச்சு அசலாகச் செய்துவிடுவார்கள். சக்கரத்தில் வந்து வேலை நின்றுவிடும். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நான்கு. வரிசையாகப் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் மாறினாலும் கண்ணில் குத்தும். சீட்டும் அப்படித்தான், ஒன்று செய்வது சுகம், பத்தாவது செய்யும்போது வெறுத்துப் போகும். ஒன்றை மட்டும் உயிரைக் கொடுத்துச் செய்து, அதற்கு ரப்பரில் மோல்டு எடுத்து, ரெசின் (ஊற்றினால் கெட்டியாக உறையும் திரவம்) ஊற்றி வேண்டிய அளவு நகல் எடுப்பதுதான் வழி.

இந்த வேலையில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தால் போதும். காற்று எந்த வழியாக வெளியே போகும்? செய்த பொருள் எந்தப் பக்கமாக வெளியே வரும்? ஊற்றுவதற்கு முன்பே இரண்டையும் காகிதத்தில் வரைந்து பார்த்துவிடுங்கள். ஊற்றிய பிறகு எதையும் மாற்ற முடியாது.

எந்த ரப்பர்

இரண்டு வகை உண்டு. டின் (வெள்ளீயம்) வகையில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு பேஸும், சின்ன பாட்டிலில் அதை உறைய வைக்கும் கேட்டலிஸ்டும் வரும். எடையில் 2 முதல் 5 சதவீதம் வரை கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும், எவ்வளவு என்பது டப்பாவிலேயே இருக்கும். பிளாட்டினம் வகை ஏ, பி என்று இரண்டு டப்பாவாக வரும், பெரும்பாலும் சரிபாதி கலவை.

பிளாட்டினம் கிட்டத்தட்டச் சுருங்காது, பல வருடம் உழைக்கும். ஆனால் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. கந்தகம் கலந்த களிமண், லேட்டக்ஸ் கையுறை, டின் ரப்பர் தொட்ட கப், சரியாகக் காயாத 3டி பிரிண்ட் ரெசின், இதில் எது பட்டாலும் அந்த இடம் மட்டும் உறையாமல் பிசுபிசுவென்று நிற்கும். டின் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, விலையும் குறைவு. அதற்குப் பதிலாக, உறைந்த பிறகும் மெதுவாகச் சுருங்கும். அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 44 மில்லிமீட்டர் சக்கரத்தில் அது 0.2 மில்லிமீட்டர், யாருக்கும் தெரியாது. அதே அரை சதவீதம் அரை மீட்டர் நீளப் பக்கவாட்டுப் பேனலில் இரண்டரை மில்லிமீட்டர், கதவு பொருந்தாது. ஆகவே சக்கரம், சீட்டு, ஸ்டீயரிங் போன்ற சின்னச் சாமானுக்கு டின் வகையே போதும் என்பது என் கருத்து. டின் வகையைச் சாப்பாட்டு அச்சுக்குப் பயன்படுத்தவே கூடாது.

கடினத்தை ஷோர் ஏ என்ற எண்ணில் சொல்வார்கள். 20 முதல் 25 வரை இருப்பதை வாங்குங்கள். 10 என்றால் அல்வா மாதிரி வளைந்து, சக்கரம் கோழிமுட்டை ஆகிவிடும். 40க்கு மேல் போனால் டயர் பட்டன்களுக்குள்ளிருந்து உருவி எடுக்கும்போது ரப்பர் கிழியும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் புளிப்பு வாடை அடிக்கிற சிலிக்கான் டியூபையும் மக்காச்சோள மாவையும் பிசைந்து மோல்டு எடுப்பவர்கள் உண்டு. மாவில் இருக்கும் ஈரம் சிலிக்கானை உள்ளே வரைக்கும் உறைய வைக்கும். படிக்கட்டு, பெட்டி போன்ற மொத்தை உருவங்களுக்குச் சரி. வீல் நட்டெல்லாம் அதில் ஒழுங்காக விழாது.

மாஸ்டர்

மாஸ்டர் என்பது நகல் எடுக்கப்போகும் அந்த முதல் உருப்படி. 1:24 அளவில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிஜ பஸ் டயரின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், மாடலில் 44 மில்லிமீட்டர் வரும். அகலம் 12.

பஸ்ஸின் முன்சக்கரத்தில் டிஸ்க் வெளியே புடைத்துக்கொண்டு தெரியும். பின்சக்கரத்தில் உள்ளே குழிந்திருக்கும். அதனால் இரண்டு மாஸ்டர் வேண்டும். பின்னால் உள்பக்கம் இருக்கும் இரண்டு டயர்கள் யார் கண்ணிலும் படாது, அவற்றுக்கு ரெசின் வீணாக்காமல் சன்போர்டை வட்டமாக வெட்டிக் கறுப்பு அடித்தால் போதும்.

மாஸ்டரை எதில் வேண்டுமானாலும் செய்யலாம். பிவிசி பைப் மூடி, பிளாஸ்டிக் ஷீட், எம்சீல், 3டி பிரிண்ட், எல்லாம் கலந்தும் செய்யலாம். ரப்பருக்குப் பாகுபாடு கிடையாது, இருப்பதை அப்படியே எடுக்கும். உங்கள் கைரேகை இருந்தால் கைரேகையும் வரும், 3டி பிரிண்டின் கோடுகளும் வரும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, 400ல் தொடங்கி 800, 1000 என்று வாட்டர் பேப்பர் போட்டு வழவழப்பாக்குங்கள். மாஸ்டர் பளபளப்பாக இருந்தால் நகலும் பளபளக்கும், மங்கலாக இருந்தால் மங்கலாக வரும். டயருக்கு மங்கல்தான் அழகு, கடைசியாக மேட் லாக்கர் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

மரம், பிளாஸ்டர் மாதிரி துளையுள்ள பொருளாக இருந்தால் சீலர் அடிக்காமல் ரப்பரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். பிளாட்டினம் வகை என்றால், மாஸ்டரின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு பட்டாணி அளவு ரப்பரைத் தடவி, உறைகிறதா என்று பார்த்த பிறகே முழுதாக ஊற்றுங்கள்.

சக்கரம் சுழலும் அச்சுக்கம்பிக்கான ஓட்டை விஷயத்தை இப்போதே முடித்துவிடலாம். நகல் எடுத்த பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடு மையம் பார்த்து டிரில் போடுவது பெரிய தலைவலி, இரண்டு சக்கரமாவது கோணலாகத்தான் வரும். மாஸ்டரின் மையத்தில் மட்டும் ஒரு முறை சுத்தமாக 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, சைக்கிள் ஸ்போக் துண்டு ஒன்றைச் செருகி, முகப்பக்கம் 8 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். ரப்பர் உறைந்ததும் மோல்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்போக் அளவுக்கு ஒரு குழி நிற்கும். ஒவ்வொரு முறை ரெசின் ஊற்றும் முன்பும் வாசலின் தடவிய ஸ்போக்கை அந்தக் குழியில் நட்டு வையுங்கள். ரெசின் அதைச் சுற்றி உறையும். லேசாகத் திருகி உருவினால், ஒவ்வொரு சக்கரத்திலும் ஓட்டை அதே இடத்தில் இருக்கும்.

பெட்டியும் கணக்கும்

சக்கரத்தின் பின்பக்கம் தட்டை என்பதால் ஒரே பாக மோல்டு போதும். வழவழப்பான லேமினேட் அட்டையிலோ டைல்ஸிலோ, முகம் மேலே பார்க்க, மாஸ்டரை ஒட்டுங்கள். அடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ரப்பர் புகுந்து மெல்லிய ஏடு படியும், சுற்றிலும் பசையைச் சுத்தமாக அடைத்துவிடுங்கள். பெட்டிச் சுவருக்கு மிச்சமான சன்போர்டே போதும். மூலைகளையும் அடியையும் வெளிப்பக்கமாக க்ளூ கன் வைத்து அடையுங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தில்கூட ரப்பர் ஒழுகிவிடும், அரைமணி நேரம் கழித்து மேஜையெல்லாம் பரவியிருக்கும்.

சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர், தலைக்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். உள்ளளவு 6.5 × 6.5 × 2.7 என்றால் 114 கன சென்டிமீட்டர். சக்கரம் அதில் 18 எடுத்துக்கொள்ளும். மீதி 96. சிலிக்கானின் அடர்த்தியை 1.15 என்று வைத்தால் 110 கிராம், கப்பில் ஒட்டுவதற்குச் சேர்த்து 120 கிராம். கேட்டலிஸ்ட் 3 சதவீதம் என்றால் 3.6 கிராம்.

இந்த 3.6ஐ அளக்கச் சமையல் தராசு உதவாது. அதற்காகத் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைத் தராசும் தேவையில்லை. 0.1 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சொட்டுக் கணக்கில் ஊற்றுவது வேண்டாம். கேட்டலிஸ்ட் கூடினால் சீக்கிரம் உறையும், ஆனால் ரப்பர் மொடமொடவென்று ஆகி சுருக்கமும் கூடும். குறைந்தால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும்.

கலப்பது, ஊற்றுவது

நம்ம ஊர் வெயில் இந்த வேலைக்கு எதிரி. டப்பாவில் அரைமணி நேரம் என்று போட்டிருப்பது 25 டிகிரிக்குத்தான். ஏறக்குறைய 10 டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும். சித்திரை, வைகாசியில் 38, 40 என்று போகிறபோது மத்தியானம் கலந்தால் ஊற்றும்போதே கட்டியாகத் தொடங்கும். விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் டப்பாவை முந்தின நாள் இரவே மொட்டை மாடி அறையிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

தயிர் கப்பைக் கழுவி நன்றாகக் காயவைத்து, பேஸ், கேட்டலிஸ்ட் இரண்டையும் எடை போட்டு ஐஸ் குச்சியால் கலக்குங்கள். அடிப்பது போல் கலக்காமல், குச்சியைச் சுவரோடு ஒட்டி வழித்து வழித்து மூன்று நிமிடம். அப்புறம் எல்லாவற்றையும் வேறு ஒரு கப்புக்கு மாற்றி, இன்னும் ஒரு நிமிடம். முதல் கப்பின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பது மோல்டுக்குள் போகாமலிருக்க இதுதான் எளிய வழி.

கேட்டலிஸ்டைக் கையில் படவிடாதீர்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதற்கு எடுத்த கரண்டி, கப் எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

ஊற்றுவதற்கு முன், ஒரு பழைய பிரஷ்ஷால் மாஸ்டரின் மேல் மெல்லிய கோட் தடவுங்கள். நட் இடுக்கு, டயர் பட்டன் இடுக்கு எல்லாவற்றிலும் பிரஷ் முனையால் குத்திக் குத்தி நிரப்புங்கள். காற்றுக் குமிழி மாஸ்டரின் மேல் ஒட்டி நின்றுவிட்டால், ரப்பரில் அந்த இடம் பள்ளமாகி, ஒவ்வொரு சக்கரத்திலும் மரு மாதிரி ஒரு புடைப்பு வரும். ரப்பரின் நடுவில் எங்கோ இருக்கும் குமிழியால் பெரிய கெடுதல் இல்லை. தோலில் இருக்கிறதுதான் ஆபத்து.

அடுத்து ஊற்றல். கப்பை இரண்டடி உயரத்தில் பிடித்து, பெட்டியின் ஒரே மூலையில், நூல் போல ஊற்றுங்கள். அந்த மெல்லிய ஒழுக்கில் பெரிய குமிழிகள் நீண்டு உடைந்துவிடும். மாஸ்டரின் தலையில் நேராக ஊற்றாதீர்கள். மூலையில் விழுந்த ரப்பர் தானே மெதுவாக ஏறி வந்து சக்கரத்தை மூடட்டும், காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். நிரம்பியதும் மேஜையை அடியிலிருந்து இரண்டு நிமிடம் தட்டிக்கொடுங்கள்.

குமிழியை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் இல்லாமலே இதெல்லாம் நடக்கும். எங்கேயோ பார்த்துவிட்டு, குமிழியை நசுக்குகிறேன் என்று வீட்டுப் பிரஷர் குக்கருக்குள் கம்ப்ரஸர் காற்றை அடைக்க மட்டும் முயலாதீர்கள். குக்கர் தாங்குவது சுமார் 15 பிஎஸ்ஐ, ரெசின் வேலைக்கான பிரஷர் பாட் 40 பக்கம் ஓடும்.

ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். சுவரைப் பிரித்து, மாஸ்டரை எடுத்து, டின் ரப்பரை இன்னும் ஒரு நாள் திறந்து வையுங்கள். உறையும்போது உண்டாகும் ஆல்கஹால் ஆவியாகிப் போக வேண்டும். அவசரப்பட்டு ரெசின் ஊற்றினால் மேல்பரப்பு சொரசொரப்பாகும், மோல்டின் ஆயுளும் குறையும்.

எந்த ரெசின்

ஃபைபர் கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது பாலியெஸ்டர். மலிவு, ஆனால் அதில் இருக்கும் ஸ்டைரீன் சிலிக்கானை அரிக்கும், சீக்கிரமே மோல்டு மொறுமொறுப்பாகி ஓரம் உதிரும். வாடையும் தாங்காது. அதையே வாங்கினால் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: உறைவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் உறைய வைக்கும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே இன்னொன்று.

பாலியூரித்தேன் நிமிடக் கணக்கில் உறையும், அரைமணியில் சக்கரம் கையில். ஆனால் ஈரத்தைப் பார்த்தால் பொங்கும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றிய சக்கரம் உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

முதல் முறை செய்கிறவருக்கு நான் எபாக்ஸியைத்தான் சொல்வேன். உறைய ஒரு நாள் ஆகும், ஆனால் குமிழி மேலே வர அவகாசம் தரும். டப்பாவில் 2:1 என்றிருந்தால் அது எடையா கொள்ளளவா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 20 கிராம். அவ்வளவு குறைவாகக் கலந்தால் அளவுப் பிழை பெரிதாகத் தெரியும், அதனால் இரண்டு, மூன்று மோல்டு செய்து ஒன்றாக ஊற்றுவது நல்லது. ரெசினிலேயே கறுப்பு நிறமி கொஞ்சம் சேர்த்துவிட்டால் டயருக்குப் பெயின்ட் தேவையில்லை, உரசினாலும் வெள்ளை தெரியாது.

ஊற்றும் முன் மோல்டுக்குள் முகப் பவுடர் தூவி, கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். அந்த மெல்லிய பொடி ரெசினை இடுக்குகளுக்குள் இழுக்கும். இப்போது சக்கரத்தின் முகம் அடியில் இருக்கிறது, நட்டெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். கொஞ்சம் ரெசின் விட்டு, ஈர்க்குச்சி முனையால் ஒவ்வொரு நட் குழியையும் கிளறிவிட்டு, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். விளிம்புக்கு மேல் துளி கூடுதலாகவே நிற்கட்டும். காய்ந்த பிறகு கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பின்பக்கம் தட்டையாகிவிடும். காய்ந்த தேய்ப்பு வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

சீட்டுக்கு இரண்டு பாகம்

சீட்டுக்கு எல்லாப் பக்கமும் முகம்தான், அதனால் மோல்டு இரண்டாகப் பிரிய வேண்டும். பிரியும் கோடு எங்கே போக வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரியில் செய்கிற கொலு பொம்மை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முன் பாதியும் பின் பாதியும் சேர்ந்த கோடு பக்கவாட்டில் காது, தோள் வழியாக இறங்கும், முகத்தில் வராது. சீட்டுக்கும் அதே நியாயம். முதுகுச் சாய்வின் மேல் விளிம்பு, இரு ஓரங்கள், உட்காரும் பலகையின் முன்விளிம்பு வழியாகக் கோட்டைக் கொண்டுபோனால், தேய்த்து எடுத்த பிறகு தெரியாது.

கைப்பிடிக் கம்பியை மாஸ்டரில் சேர்க்காதீர்கள். அவ்வளவு மெல்லிய கம்பி ரெசினில் உடையும், பிறகு செம்புக் கம்பி வளைத்து ஒட்டிக்கொள்ளலாம். கால்கள் இரண்டையும் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் செய்யுங்கள், ரெசின் அவற்றின் வழியாகத்தான் போகப்போகிறது.

பெட்டிக்குள் குயவர் களிமண்ணைப் பரப்பி, சீட்டை ஓட்டு வீட்டுக் கூரை போல அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். உட்காரும் பக்கம் முழுதும் களிமண்ணில் புதைந்து, களிமண் விளிம்புக் கோடு வரை சரியாக வந்து நிற்க வேண்டும். இந்த ஓரத்தை ஈர பிரஷ்ஷால் பொறுமையாகச் சீவுங்கள், சீட்டில் கோடு மெலிதாக இருப்பதும் மேடாக இருப்பதும் இங்கேதான் முடிவாகிறது. களிமண் காய்ந்தால் சுருங்கிச் சுவரை விட்டு விலகும், இடையில் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். சுற்றிலும் நான்கு இடத்தில் கோலிக்குண்டால் பாதி ஆழம் அழுத்திக் குழி செய்யுங்கள். இரண்டு பாதியும் பின்னால் ஒன்றோடொன்று நகராமல் உட்கார இவைதான் பூட்டு.

இப்போது காற்று. இந்தக் கூரையின் உச்சி எது? முதுகும் பலகையும் சேரும் அந்த முகடு. ரெசின் ஏறும்போது காற்றெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். முகட்டின் இரு முனையிலும் வாசலின் தடவிய ஈர்க்குச்சித் துண்டுகளை நிமிர்த்தி ஒட்டி வையுங்கள். பிறகு உருவினால் அவையே காற்று வழி. நகலில் அந்த இடத்தில் வரும் சின்ன முளை சீட்டின் பின்பக்கம், கீழே, யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும்.

கால் நுனிகளும் குச்சிகளும் வெளியே தெரியும் மட்டம் வரை ரப்பர் ஊற்றி உறைய விடுங்கள். அப்புறம் மொத்தத்தையும் கவிழ்த்து, களிமண்ணை எடுத்து, ஈர பிரஷ்ஷால் துடையுங்கள். சீட்டை ரப்பரிலிருந்து அசைக்கவே கூடாது. சிலிக்கானோடு சிலிக்கான் ஒட்டிக்கொள்ளும் என்பதால், தெரிகிற ரப்பர் முழுவதிலும் வாசலினைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு இடம் விட்டுப்போனாலும் கத்தியால்தான் பிரிக்க வேண்டியிருக்கும். சுவரை உயர்த்தி இரண்டாம் பாதியை ஊற்றுங்கள்.

ரெசின் ஊற்றும்போது இரு பாதியையும் பூட்டி, இரண்டு பக்கமும் டைல்ஸ் துண்டு வைத்து, அதன் மேல் ரப்பர் பேண்டு போடுங்கள். நேரடியாகப் போட்டால் மோல்டு நசுங்கி சீட்டு ஒல்லியாகிவிடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் ரெசினை எடுத்து ஒரு கால் வழியாக மெதுவாகச் செலுத்துங்கள். முகட்டு ஓட்டைகளில் ரெசின் எட்டிப் பார்த்ததும் அவற்றில் கொஞ்சம் களிமண்ணை அடைத்துவிட்டு, மற்றக் காலின் வழியாக ரெசின் தலை காட்டும் வரை தொடருங்கள். ஒரே ஓரத்தில் மட்டும் திரும்பத் திரும்பக் குமிழி வந்தால், மோல்டின் அந்த ஓரத்தை ஒரு தீப்பெட்டி உயரம் தூக்கிச் சாய்த்து வைத்து ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் வந்தால் அந்த இடத்தில் காற்று வழி இன்னொன்று குத்த வேண்டியதுதான்.

நகல்களை பாத்திரம் விளக்கும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பிறகே பிரைமர் அடியுங்கள். ஒட்டியிருக்கும் வாசலின் மேல் பெயின்ட் நிற்காது.

மோல்டைப் பாதுகாப்பது

வெயில் படாத இடத்தில், தட்டையாக, உள்ளே ஒரு நகலை அப்படியே விட்டு வையுங்கள், உருவம் கோணாது. டின் மோல்டு ஓரிரு வருடத்தில் தானே நைந்துபோகும், ஆகவே மாஸ்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நைந்த மோல்டையும் குப்பையில் போட வேண்டாம். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த பெரிய மோல்டு ஊற்றும்போது, மாஸ்டரின் மேல் ஒரு சென்டிமீட்டர் புது ரப்பர் மூடிய பிறகு, இந்தத் துண்டுகளைப் போட்டு இடத்தை நிரப்பலாம். அதே வகை ரப்பராக மட்டும் இருக்க வேண்டும், டின் துண்டு பிளாட்டினத்துக்குள் போனால் சுற்றிலும் உறையாது.